மூக்கு வழியாக வந்த ஞாபகம்

செய்த ஆளுக்கே மறந்துபோன ஒரு தவறுக்காக யாரைப் பிடித்து உலுக்குவது? தத்துவம் படித்தவர்கள் இந்தக் கேள்வியை ஆற அமர உட்கார்ந்து யோசிப்பார்கள். யோசித்து முடிக்காமலே ஓய்வும் பெற்றுவிடுவார்கள். ஆபரேட்டர் அம்மாவுக்கு அந்த வசதி இல்லை. கேள்வி அவளோடு ஒரே வீட்டில் குடியிருந்தது. காலையில் எழுந்து, பல் தேய்த்து, அவள் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "உனக்கு இந்தப் பக்கம் காது கேக்காதா? எப்பலேர்ந்து?" என்று அக்கறையாக விசாரித்தது.

அவள் ஒரு பெரிய காப்பீட்டு அலுவலகத்தின் டெலிபோன் போர்டில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தவள். ஒரு காதில் வெளியூர் அழைப்பையும் மறு காதில் மேலாளரின் முணுமுணுப்பையும் ஒரே நேரத்தில் வாங்கிக்கொள்ளத் தெரிந்தவள். ஒன்பது வருடத்துக்கு முன் இடது காது போனது. அந்த வருட மருத்துவச் சோதனையில் தோற்றாள். அவளைக் கீழ்த்தளத்தில் பழைய கோப்புகள் அடுக்கியிருக்கும் அறைக்கு அனுப்பிவைத்தார்கள். தாள்கள் பேசுவதில்லை, அதனால் அங்கே ஒரு காதே அதிகம் என்று நினைத்திருப்பார்கள். பட்டப்பெயர் மட்டும் ஆபரேட்டர் என்றே நின்றுவிட்டது.

கணவர் மின்சாரக் கம்பெனியில் மீட்டர் பார்ப்பவர். கையில் டார்ச், கக்கத்தில் நீளமான நோட்டு, நாளொன்றுக்கு நூற்றைம்பது வீடு. வீடு பூட்டியிருந்தால் என்ன செய்வது என்பதற்கு அந்தத் தொழிலில் ஒரு வழி உண்டு. முந்தைய மூன்று தடவை வந்த எண்களைக் கூட்டி மூன்றால் வகுத்து, அந்தச் சராசரியைக் கட்டத்தில் எழுதிவிட வேண்டும். கட்டம் காலியாக இருக்கக் கூடாது. ஆபீஸ் எந்தப் பொய்யையும் பொறுத்துக்கொள்ளும், காலிக் கட்டத்தை மட்டும் பொறுக்காது.

மதியத்துக்கு மேல் மீட்டர்காரருக்கு எல்லா வீடும் பூட்டித்தான் இருந்தது. மதுக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே பாதித் தெருவுக்குச் சராசரி போட்டு முடித்துவிடுவார். இரண்டு வருடமாக ஆளே இல்லாத ஒரு வீடு அவர் நோட்டில் மாதம் தவறாமல் விளக்கு எரித்து, விசிறி சுழற்றி, சுகமாக வாழ்ந்துகொண்டிருந்தது. யாரும் கண்டுபிடிக்கவில்லை. கூட்டிப் போட்டால் வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார், குறைத்துப் போட்டால் ஆபீஸ் வரும். சராசரியோடு சண்டைக்கு வருபவர் யாருமில்லை. இந்த ஒரு உண்மையை வைத்துக்கொண்டே மனிதர் முப்பது வருடம் ஓட்டினார். நம்மில் பலர் இதைவிடக் குறைந்த உண்மைகளை வைத்துக்கொண்டு ஓட்டுகிறோம்.

ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு சாயங்காலம், அவள் அவருடைய பாட்டிலைச் சமையலறைத் தொட்டியில் கவிழ்த்தாள். அவர் அடித்தார். ஒரே அடி, விரித்த கையால். காதுக்குள் சவ்வு கிழிந்தது. மறுநாள் காலை அவள் காதில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தபோது, அவர் டீயை ஊதிக்கொண்டே கேட்டார்: "என்ன, கதவுல இடிச்சுக்கிட்டியா?"

உண்மையிலேயே குடியில் மறந்துபோயிற்றா, அல்லது கட்டத்தை நிரப்பினாரா? அவளுக்குத் தெரிய வேண்டியது இது ஒன்றுதான். குடித்த கை செய்ததை அவள் மன்னித்தாலும் மன்னிப்பாள். குடிக்காத வாய் காலையில் சொன்னது மறதியா பொய்யா என்று தெரியாமல் எதை மன்னிப்பது, எதை மன்னிக்காமல் இருப்பது? ஆனால் அன்றைக்கு அவளும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் கதவு என்றே எழுதவைத்தாள். விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த மகளுக்கும் கதவு என்றே சொன்னாள். கேட்பதற்கு ஒரு நல்ல நேரம் வரும் என்று ஐந்து வருடம் காத்திருந்தாள். நேரம் வருவதற்குள் அவர் ஒரு வீட்டின் மாடிப்படியில் மடங்கி விழுந்தார்.

குடி உடம்பில் சத்தையெல்லாம் வற்றவைத்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் வைட்டமின் ஊசியாகப் போட்டார்கள். கால் தேறியது, பார்வை தேறியது, ஞாபகம் மட்டும் படியிலேயே கிடந்தது. கடைசிப் பதினைந்து வருடம் அடியோடு போய்விட்டது. புதிதாக எது நடந்தாலும் கால் மணி நேரத்துக்கு மேல் தங்கவில்லை. மற்றபடி ஆள் நன்றாக இருந்தார்; முன்பைவிட நன்றாக. குடியையும் மறந்துவிட்டார். துணி மடித்தார், பாத்திரம் துடைத்தார், அவள் இருமினால் வெந்நீர் கொண்டுவந்தார்.

"இப்பதான் அண்ணி எங்க அண்ணன் மனுஷனா இருக்காரு," என்றாள் அவருடைய தங்கை. "இந்த மறதி முப்பது வருஷம் முன்னாடியே வந்திருந்தா நீங்க மகாராணி மாதிரி இருந்திருப்பீங்க."

மகாராணிக்குத் தினமும் காலையில் ஒரு விசாரணை நடந்தது.

"காது எப்படிப் போச்சு?"

"ஒருத்தர் அடிச்சாரு."

"யாரு அவன்? சொல்லு, நான் போய்ப் பேசறேன்."

"இப்ப ஊர்ல இல்லை."

"பொம்பளை மேல கை வைக்கிறவனெல்லாம் ஒரு ஆளா," என்று அவர் ரொட்டியில் வெண்ணெய் தடவுவார். அடுத்த நாள் மறுபடியும் அதே கோபம், அதே வெண்ணெய்.

இப்படி நாலு வருடம் போன பிறகுதான் ஞாபக டாக்டரைப் பற்றிக் கேள்விப்பட்டாள். பெரிய ஆஸ்பத்திரியில் குடியால் மறதி வந்தவர்களுக்கென்று ஒரு புதிய மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். மேசையில் மனித மூளையின் பிளாஸ்டிக் பொம்மை ஒன்று இருந்தது; பேசும்போதெல்லாம் அதைப் பிரித்துப் பிரித்து மாட்டினார்.

"மூளைக்கு அடியில ஒரு சுரப்பி இருக்கும்மா, பட்டாணி அளவு. உடம்புல தண்ணி எவ்வளவு நிக்கணும்னு ஒரு ஹார்மோனை அனுப்பித்தான் அது சொல்லும். அதே ஹார்மோன் ஞாபகத்தையும் நிக்கவைக்கும்னு ஒரு எண்ணம்."

"யாருக்கு எண்ணம்?"

"எங்களுக்கு."

"இவருக்கு மறதி வந்ததே தண்ணியாலதான் டாக்டர்."

டாக்டர் ஒரு நிமிடம் கழித்துச் சிரித்தார். அந்த ஹார்மோனைப் போலவே செய்த மருந்தை மூக்கில் அடிக்க வேண்டும் என்றார்; காலை, மாலை, படுக்கும்போது. முதல் ஆறு வாரம் ஒரு பெட்டி, அடுத்த ஆறு வாரம் இன்னொரு பெட்டி. ஒன்றில் மருந்து, மற்றதில் வெறும் உப்புத்தண்ணீர். "எதுல எதுன்னு எனக்கே தெரியாது," என்றார் பெருமையாக. தெரியாததைப் பெருமையாகச் சொல்லும் டாக்டரை அவள் அன்றுதான் பார்த்தாள். தெரிந்ததாகச் சொல்லும் ஆட்களோடு ஒப்பிட்டால் இவர் பரவாயில்லை என்றும் நினைத்தாள்.

"சார், உங்களுக்குச் சம்மதமா?"

"டாக்டர் சொன்னா சரிதான்," என்று மீட்டர்காரர் அழகாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "எதுக்கு இது?" என்றார்.

வீட்டுக்கு ஓர் அட்டவணை கொடுத்தார்கள். மருந்து அடித்த நேரத்துக்கு ஒரு கட்டம், அன்றைக்கு அவருக்கு எவ்வளவு ஞாபகம் இருந்தது என்று பத்துக்கு ஒரு மதிப்பெண் போட இன்னொரு கட்டம். முதல் வாரம் அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து எழுதினாள். இரண்டாம் வாரம் அலுவலகத்தில் கோப்புகளை இடம் மாற்றினார்கள்; களைத்துப் போய் வந்தவள் மூன்று நாள் கட்டங்களை அப்படியே விட்டுவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் காலையில் பேனாவோடு உட்கார்ந்து தலையைச் சொறிந்தபோது, அவர் எட்டிப் பார்த்தார்.

"காலியா விடாதே. முந்தின மூணைக் கூட்டி மூணால வகு."

அவர் மறக்காத ஒன்று இருந்தது என்றால் அது இதுதான். அவளும் வகுத்தாள். வாரத்துக்கு இரண்டு, மூன்று கட்டங்கள் இப்படித்தான் நிரம்பின. ஆஸ்பத்திரிக்கு ஏமாற்றம் வேண்டாமே என்று ஒரு அரை மதிப்பெண்ணும் சேர்ந்துகொண்டது.

ஆஸ்பத்திரியில் வாரம் ஒரு முறை ஒரு பெண் அவரிடம் கேள்விகள் கேட்டாள். மீட்டர்காரர் அங்கேயும் கெட்டிக்காரராக இருந்தார்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க சார்?"

"ரொட்டி, வெண்ணெய், டீ." தினமும் அதுதான். ஒரு மதிப்பெண்.

"போன வாரம் இங்க வந்தப்ப என்ன செஞ்சோம்?"

"நீங்க கேள்வி கேட்டீங்க. நான் பதில் சொன்னேன்." ஒரு மதிப்பெண்.

"வெளிய மழையா, வெயிலா?"

அவர் அந்தப் பெண்ணின் நாற்காலியில் தொங்கிய குடையைப் பார்த்தார். "மழை வர்ற மாதிரி இருக்கு." அதற்கும் ஒன்று.

இப்படி இடைவெளியைக் கற்பனையால் நிரப்புவது இந்த நோயின் குணம், இது பொய் ஆகாது என்று டாக்டர் அவளுக்கு விளக்கினார். "தெரியும் டாக்டர்," என்றாள் அவள். "அவரு உத்தியோகமே அதுதான்." ஆறு வார முடிவில் டாக்டர் ஒரு கோடு வரைந்து காட்டினார். மாடிப்படி போலப் பிசிறில்லாமல் மேலே ஏறியது. "இவ்வளவு சீரான கோட்டை நான் பார்த்ததே இல்லைம்மா," என்றார். சராசரிகளால் கட்டிய கோடு வேறு எப்படி இருக்கும்?

ஏழாம் வாரம் இரண்டாவது பெட்டியைத் திறந்தார்கள். டி.வி.யில் ஒரு படம் முடிவதற்குள் நாலு முறை பாத்ரூமுக்கு எழுந்து போகிறவர், ஒரே ஒரு முறை போனார். உடம்பில் தண்ணீர் நிற்கிறது என்று ஆபரேட்டர் அம்மா கண்டுகொண்டாள். அட்டவணையில் அதை எழுத இடமில்லை.

எட்டாம் வாரம் ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் வழக்கம்போலக் கேட்டாள். "காலையில என்ன சாப்பிட்டீங்க சார்?"

"தெரியலைம்மா."

"சும்மா யோசிச்சுச் சொல்லுங்க சார். போன தடவை கரெக்டா சொன்னீங்களே."

"யோசிச்சா ஒண்ணு வருது. ஆனா அது நடந்ததா, நானே போட்டுக்கிட்டதான்னு தெரியலையே."

அந்தப் பதிலுக்கு மதிப்பெண் கிடையாது. தனக்கு என்ன தெரியாது என்பதை ஒரு மனிதன் தெரிந்துகொள்வது பெரிய காரியம் என்று புத்தகங்களில் எழுதியிருக்கிறது. கேள்வித்தாள் தயாரித்தவர்கள் அந்தப் புத்தகங்களைப் படித்திருக்கவில்லை. பத்துக் கேள்வி கேட்டால் ஏழுக்கு "தெரியலை" என்றார். கோடு கீழே சரிந்தது.

ஒன்பதாம் வாரம் ஒரு காலை. மூக்கில் மருந்து அடித்து அரை மணி நேரம் ஆகியிருக்கும். அவர் எதிரில் உட்கார்ந்தார். வழக்கமான கேள்வி வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. ரொட்டி அப்படியே இருந்தது.

"நான்தானே?" என்றார்.

"எது?"

"உன் காது."

அவள் டீக் கோப்பையைக் கீழே வைத்தாள். "காலையில கதவுல இடிச்சுக்கிட்டியான்னு கேட்டீங்களே. அது?"

"அதுவும் தெரிஞ்சுதான் கேட்டேன். எந்திரிச்சதுமே எல்லாம் ஞாபகம் இருந்துச்சு. நீ பஞ்சை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தே. என்ன சொல்றதுன்னு தெரியலை, கதவுன்னு போட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "நீயும் ஒண்ணும் சொல்லலை."

பிறகு அவர் அழுதார். மன்னித்துவிடு என்றார். அவள் எழுந்து பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். அன்று முழுவதும் கீழ்த்தளத்தில் இரண்டு அலமாரிகளுக்கு நடுவே ஒரே கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. மறதி இல்லை, பொய். ஒன்பது வருடமாக அவள் மனதுக்குள் எழுதி, அடித்து, திருத்தி, பளபளப்பாகத் தேய்த்து வைத்திருந்த ஒரு பேச்சு இருந்தது. இனி அதைப் பேசலாம்.

அன்று மாலை மருந்துக்குப் பிறகு பேசினாள். முக்கால் மணி நேரம். டெலிபோன் போர்டு, கீழ்த்தளம், மகளிடம் சொன்ன பொய், வலது காதைக் காட்டித் திரும்பித் திரும்பி வலியெடுத்த கழுத்து, ஒன்றையும் விடவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். "நீ சொல்றது எல்லாம் சரி," என்றார். அவளுக்கு மூச்சு லேசானது.

மறுநாள் காலையில் அவர் எதிரில் வந்து உட்கார்ந்தார். ரொட்டியைத் தொடவில்லை.

"நான்தானே?" என்றார்.

மருந்தின் விசித்திரம் அப்படி. பழையதைத் தோண்டி எடுத்துக் கொடுத்தது. புதியதைப் பிடித்துவைக்க அதற்குத் தெம்பில்லை. அடித்தது ஞாபகம் இருந்தது, பொய் சொன்னது ஞாபகம் இருந்தது, மன்னிப்புக் கேட்டது மட்டும் ஞாபகம் இல்லை. அவள் பேச்சு முழுவதும் தொட்டியில் கவிழ்த்த பாட்டில் போலப் போய்விட்டது. மறுபடியும் பேசினாள், அரை மணி நேரத்தில் முடித்தாள். அடுத்த நாள் கால் மணி. ஒன்பது வருடமாக ஒரு மன்னிப்புக்குக் காத்திருந்தவளுக்கு இப்போது நாளைக்கு மூன்று வந்தன. காலை, மாலை, படுக்கும்போது. ஒவ்வொரு முறையும் அவர் புதிதாகக் கண்டுபிடித்தார், புதிதாக உடைந்தார், கண்ணீரில் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. பத்தாம் நாள் வாக்கில் அவளுடைய பேச்சு சுருங்கி, "சரி, சரி. சட்டையை மாத்துங்க, டீ கொட்டியிருக்கு" என்று ஆகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். கல்யாணமாகிப் பக்கத்துப் பேட்டையில் இருந்தாள். அவள் எதிரிலேயே அந்தக் காட்சி நடந்தது. மகள் சமையலறைக்குள் வந்து சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"கதவுன்னு சொன்னியேம்மா."

"ஆமா. கதவுன்னுதான் சொன்னேன்."

மகள் கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு, "எத்தனை நாளா இப்படி அழறாரு?" என்றாள்.

"மூணு வாரம்."

"ஒரு தடவை அழுதா போதாதா? இது என்னம்மா, தினமும் ஒரு ஆளை எழுப்பி எழுப்பிக் குத்தற மாதிரி."

"எழுப்பறது நான் இல்லை. டாக்டர் மருந்து."

"அடிக்கிற கை உன் கைதானே," என்றாள் மகள். மூக்கில் அடிப்பதைத்தான் சொன்னாள். ஆனாலும் இருவரும் சற்று நேரம் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

பன்னிரண்டு வாரம் முடிந்தது. டாக்டர் உறையைப் பிரித்து, எந்தப் பெட்டியில் எது என்று பார்த்துவைத்திருந்தார். பிளாஸ்டிக் மூளையை அன்றைக்குத் தொடவில்லை.

"வருத்தமான சமாசாரம்தாம்மா. முதல் பெட்டிதான் உப்புத்தண்ணி. அதுல சார் பிரமாதமா தேறினாரு. ரெண்டாவதுதான் மருந்து. அதுல கெட்டுட்டாரு." இரண்டு கோடுகளையும் திருப்பிக் காட்டினார். "மருந்து வேலை செய்யலை. செஞ்சாலும் தலைகீழா செய்யுது. இவரு கோடு அவ்வளவு சுத்தம், மறுத்துப் பேசவே முடியாது."

"இப்பதான் டாக்டர் அவருக்கு ஞாபகம் வருது," என்றாள் அவள்.

"என்ன ஞாபகம்?"

டாக்டர் பேனாவை எடுத்தார். அதே ஆஸ்பத்திரியில், இரண்டு மாடிக்குக் கீழே, ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஒரு சீட்டில் அவளுடைய பெயருக்கு நேரே கதவு என்று எழுதியிருந்தது. கணவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பிளாஸ்டிக் மூளையை ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழைய விஷயம். வீட்டு விஷயம்," என்றாள்.

"தேதி, நேரம், சாட்சி ஏதாவது இருந்தா எழுதிக்கலாம். இல்லேன்னா அதையெல்லாம் கணக்கில எடுத்துக்க முடியாதும்மா." பேனாவை மூடிவைத்தார். "உப்புத்தண்ணி வேணும்னா தொடர்ந்து அடிங்க. அதுல ஒரு கெடுதலும் இல்லை."

வெளியே மருந்து அறையில், அடுத்த கட்டச் சோதனைக்கென்று வந்து இறங்கிய பெட்டிகளைக் கம்பவுண்டர் ஓரமாக அடுக்கிக்கொண்டிருந்தார். எல்லாம் குப்பைக்குப் போக வேண்டியது என்று சலித்துக்கொண்டார். அவள் நின்றாள். ஒரு பெட்டி தன்னிடம் இருக்கட்டுமா என்று கேட்டாள்.

"வேலை செய்யாத மருந்தும்மா இது."

"பரவாயில்லை."

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு ஒரு பெட்டியை அவள் பைக்குள் வைத்தார்.

இரண்டு வாரம் கழித்து, பால் எடுக்க பிரிட்ஜைத் திறந்த மகள் மேல்தட்டில் குப்பிகளைப் பார்த்தாள்.

"நிறுத்திட்டாங்கன்னு சொன்னியே?"

"அவங்க நிறுத்திட்டாங்க."

"அப்ப இது?"

"புதன்கிழமை காலையில மட்டும் அடிக்கிறேன்."

மகளுக்குப் பிடிபடவில்லை. தண்டனை என்றால் வாரத்துக்கு ஒரு நாள் போதாது. இரக்கம் என்றால் அந்த ஒரு நாளும் அதிகம். குணமாக வேண்டும் என்றால் தினமும் கொடுக்க வேண்டும். அடி விழுந்த கிழமையாக இருக்குமோ என்று கேட்டுப் பார்த்தாள். அது வெள்ளிக்கிழமை என்றாள் அம்மா.

"பின்னே ஏன் புதன்?"

"பாலைக் காய்ச்சு. திரிஞ்சுடப் போகுது."

வாரத்தில் ஆறு நாள் மீட்டர்காரர், ஊரில் இல்லாத அந்தப் படுபாவியைத் திட்டிக்கொண்டு ரொட்டியில் வெண்ணெய் தடவினார். புதன்கிழமைகளில் ஆபரேட்டர் அம்மா அலுவலகத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனாள். அந்த ஒரு மணி நேரத்தில் அவள் பேசினாளா, கேட்டாளா, சும்மா உட்கார்ந்திருந்தாளா என்பது அவர்கள் இருவருக்கு மட்டும் தெரியும், அதிலும் ஒருவருக்குச் சாயங்காலத்துக்குள் மறந்துவிடும். பெட்டி கிட்டத்தட்ட இரண்டரை வருடம் வந்தது. ஒரு புதன் விட்டுப்போகவில்லை. ஒரு வியாழன் கூடுதலாகச் சேரவில்லை. தங்கை கேட்டாள், மகள் இன்னும் இரண்டு முறை கேட்டாள். அவள் யாருக்கும் சொல்லவில்லை.